ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று: மலைக் காருக்கு ஆயில் கணக்கு

வாழவந்தியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையில் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய குடும்பம்தான். கொஞ்சம் காபி, நிழல் மரங்களில் ஏற்றிய மிளகு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டி. சேலத்தில் பேரம் பேசி வாங்கிய, ஏழு வயதான ஒரு சின்ன பெட்ரோல் கார்.

காலையில் பிள்ளைகளைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவர ஒரு தடவை. கடைக்கு ஒரு தடவை. மாலையில் மறுபடியும் இரண்டு தடவை. ஒவ்வொன்றும் மூன்று கிலோமீட்டர்கூட வராது. ஒரு நாளைக்குச் சுமார் 12 கிலோமீட்டர். வருடம் முழுக்க ஓட்டினாலும் 4,400 கிலோமீட்டரைத் தாண்டாது.

“ஆயில் மாத்தணும்னு சொன்னாங்களே?” என்று வீட்டம்மா கேட்டால், வீட்டுக்காரர் மீட்டரைக் காட்டுவார். “பத்தாயிரத்துக்கு ஒருக்கா மாத்தணும். இன்னும் பாதிகூட ஓடலையே!”

அவர் கணக்குப்படி பத்தாயிரம் வருவதற்கு இரண்டேகால் வருடம் ஆகும். அதற்குள் என்ன ஆகும்?

ஒருநாள் சேலத்தில் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடுகிறார். மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து பார்க்கிறார். உள்ளே கறுப்பாக, களிம்பு மாதிரி அப்பிக் கிடக்கிறது. “அண்ணே, இன்ஜின் உள்ளே அழுக்கு பிடிச்சிருக்கு. ஒரு ப்ளஷ் போட்டுட்டு ஆயில் மாத்திருவோம். எல்லாம் கழுவிக்கிட்டு வந்துரும்” என்கிறார்.

போடலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் அந்த டப்பாவில் இல்லை, அந்த இரண்டேகால் வருடத்தில் இருக்கிறது. அதனால் முதலில் ஆயில் மாற்றும் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கிலோமீட்டரா, மாதமா?

மாருதி சுசூகி, ஹூண்டாய் போன்ற நிறுவனங்களின் பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம். இதில் பலரும் முன்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கையேட்டில் அதற்குப் பக்கத்திலேயே ஒரு வாசகம் இருக்கும்: இரண்டில் எது முதலில் வருகிறதோ, அது. மீட்டரில் ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும், வருடம் ஒன்று ஆகிவிட்டால் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

அதே கையேட்டில், நாம் புரட்டாமல் விடும் இன்னொரு பக்கமும் உண்டு. கடினமான சூழலில் ஓடும் வண்டிகளுக்கான அட்டவணை அது. அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவது, புழுதிச் சாலை, கரடுமுரடான பாதை, மலையேற்றம், கனமான சுமை, நீண்ட நேரம் நின்றபடியே இன்ஜின் ஓடுவது எல்லாம் அதில் வரும். இப்படி ஓடும் வண்டிக்குப் பல நிறுவனங்கள் இடைவெளியைப் பாதியாக்கச் சொல்கின்றன. அதாவது 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம்.

அந்தப் பட்டியலை வாழவந்திக்காரர் படித்தால், தன் வண்டியைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

மீட்டருக்கு மலை தெரியாது

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 30 கிலோமீட்டர் பயணத்தில், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்துக்கு வண்டி தன்னையும் உள்ளே இருப்பவர்களையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முதல் கியரும் இரண்டாவது கியரும்தான் கை கொடுக்கும்.

மீட்டருக்கு இது எதுவும் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை மட்டுமே அது எண்ணும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்குவழிச் சாலையில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், 10,000 கிலோமீட்டர் ஓட 167 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மலைச்சாலையில் சராசரியாக 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அதே தூரத்தை ஓட 500 மணி நேரம் ஆகும். மீட்டரில் ஒரே எண். இன்ஜின் உழைத்த நேரமோ மூன்று மடங்கு.

விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிராக்டருக்கு யாரும் கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்றுவதில்லை, மணிக்கணக்குதான். வயலில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி உழும் வண்டிக்குத் தூரத்தால் என்ன பயன்? மலையில் ஓடும் காரும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான்.

பெட்ரோலுக்குள் இருக்கும் தண்ணீர்

ஏற்றத்தைவிட மோசமான எதிரி ஒன்று இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் பயணம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால், அதிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் பள்ளிக்கூட வேதியியல்தான். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் தண்ணீர். அதில் பெரும்பகுதி ஆவியாகிச் சைலன்சர் வழியே போய்விடுகிறது. குளிர்ந்த காலையில் சைலன்சர் முனையில் சொட்டும் நீர் அதுதான்.

கொஞ்சம் ஆவி மட்டும் பிஸ்டன் வளையங்களின் ஓரமாக நழுவி, ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடாக இருந்தால், அந்த ஆவி காற்றோட்டக் குழாய் வழியாக மறுபடி இழுக்கப்பட்டு எரிந்துவிடும். இன்ஜின் குளிர்ந்து இருந்தால் உள்ளேயே தண்ணீராகப் படிந்து ஆயிலோடு கலக்கும். சரியாக எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கி ஆயிலை நீர்த்துப்போக வைக்கும்.

வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடாகும். உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போவதற்கு, நல்ல சூட்டில் இருபது முப்பது நிமிடமாவது வண்டி ஓட வேண்டும். பனி மூடிய மார்கழிக் காலையில் மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் காருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. நாள் முழுக்க நான்கு தடவை கிளம்பி, நான்கு தடவையும் ஆறிப்போகிறது.

இந்த ஈரம், எரியாத பெட்ரோல், புகைக்கரி, நாளாகிச் சிதைந்த ஆயில் எல்லாம் சேர்ந்தால் கிடைப்பதுதான் ஸ்லட்ஜ் எனப்படும் கசடு. மெக்கானிக் மூடியைத் திறந்தபோது பார்த்த களிம்பு.

மலையிறக்கத்தில் போனால் இன்ஜின் சூடாகுமா என்று கேட்கலாம். அவ்வளவாக ஆகாது. கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது, இன்றைய கார்கள் பெட்ரோலையே நிறுத்திவிடுகின்றன. எரிபொருள் இல்லையென்றால் சூடும் குறைவு. சேலத்திலிருந்து திரும்பி ஏறும்போதுதான் ஆயில் உண்மையாகக் காயும். அந்த வகையில், வாரம் ஒருமுறை சேலம் போய் வருவது காருக்கும் ஒரு வைத்தியம்.

ஆயிலே ஒரு சோப்புதான்

இன்ஜின் ஆயில் என்பது வெறும் எண்ணெய் இல்லை. பாட்டிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதியில், அழுக்கைக் கழுவும் டிடர்ஜென்ட், கழுவிய அழுக்கை ஒட்டவிடாமல் மிதக்கவைக்கும் டிஸ்பெர்சன்ட், தேய்மானத்தைக் குறைக்கும் சேர்மானம், அமிலத்தை முறிக்கும் சேர்மானம் என்று பலவும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. புது ஆயில் சில வாரங்களில் கறுப்பாவது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். டீசல் காரில் இது சில நாட்களிலேயே நடக்கும். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து ஆயில் கெட்டுவிட்டது என்றோ, நன்றாக இருக்கிறது என்றோ சொல்ல முடியாது.

ஆனால் சோப்பு தீர்ந்துபோகும். துவைத்த தண்ணீரிலேயே மறுபடி மறுபடி துவைத்தால், ஒரு கட்டத்துக்குமேல் அழுக்கு துணியிலேயே படியத் தொடங்கும். ஆயிலை மாற்றுவது என்பது அந்தத் தண்ணீரை மாற்றுவது. ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஃபில்டருக்குள்ளும் அழுக்கு ஆயில் தங்கியிருக்கும்.

சரி, ப்ளஷ் போடலாமா?

இன்ஜின் ப்ளஷ் என்று விற்பது பெரும்பாலும் மெல்லிய கரைப்பானும் டிடர்ஜென்ட்டும் கலந்த திரவம். பழைய ஆயிலை இறக்குவதற்கு முன் அதில் ஊற்றி, டப்பாவில் குறிப்பிட்ட சில நிமிடங்களுக்கு வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பிறகு எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். ஒருகாலத்தில் இதையே மண்ணெண்ணெய் ஊற்றியும் டீசல் ஊற்றியும் செய்தார்கள். சில இடங்களில் இன்றும் செய்கிறார்கள்.

ஓரளவு சுத்தமாக இருக்கும் இன்ஜினில் இதை ஒருமுறை போட்டால், பெரிய கேடு வராது. பெரிய நன்மையும் வராது. காலத்தோடு ஆயில் மாற்றிய இன்ஜினில் கழுவுவதற்கு என்ன இருக்கிறது?

கசடு அப்பிய இன்ஜினில்தான் சிக்கல். கரைப்பான் கசடை மொத்தமாகக் கரைத்து எடுத்துவிடுவதில்லை. சில இடங்களில் பொருக்காகப் பெயர்த்துவிடும். பெயர்ந்த பொருக்கு கீழே ஆயில் தொட்டியில் விழும். அந்தத் தொட்டியிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. பொருக்கு அதில் போய் அடைத்துக்கொண்டால், பம்ப் இழுக்க ஆயில் வராது. அழுத்தம் குறையும். பேரிங்குகள் வறண்டு தேயும். ப்ளஷ் கலந்து நீர்த்த ஆயிலில் இன்ஜின் ஓடுவதும், முழுதும் வடியாமல் தங்கும் கரைப்பான் புது ஆயிலோடு கலப்பதும் கூடுதல் தொல்லைகள்.

ஆக, தேவையில்லாத இன்ஜினுக்குப் போட்டால் பயனில்லை, தேவைப்படும் இன்ஜினுக்குப் போட்டால் ஆபத்து.

இதைக் கார் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். 2017 வரை இந்தியாவில் செவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ், தன் கையேடுகளில் ஆயிலோடு எதையும் சேர்க்க வேண்டாம் என்கிறது. இன்ஜின் ப்ளஷ் பரிந்துரைக்கப்படவில்லை, அதனால் வரும் சேதத்துக்கு வாரன்டி கிடையாது என்றும் எச்சரிக்கிறது. ஹோண்டாவின் கையேடுகளும் ஆயிலுக்குத் தனிச் சேர்மானம் தேவையில்லை என்றே சொல்கின்றன. உங்கள் கார் வாரன்டியில் இருந்தால், டப்பாவைத் திறக்கும் முன் கையேட்டைத் திறப்பது நல்லது.

விளம்பரம் சொன்னதும் விசாரணை சொன்னதும்

ஆயிலில் கலக்கும் டப்பாக்கள் பெரிதாக விற்ற நாடு அமெரிக்கா. அங்கே ‘ஸ்லிக் 50’ என்ற சேர்மானம் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக இருந்தது. இதை ஊற்றாவிட்டால், காலையில் வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் இன்ஜினுக்குள் உலோகம் உலோகத்தோடு உரசும் என்கிற பாணியில் விளம்பரம் வந்தது. அமெரிக்க அரசின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1996-ல் இந்த விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றம் சாட்டியது. 1997-ல் வழக்கு சமரசமாக முடிந்தது. எஸ்.டி.பி., ஸீமேக்ஸ் என்ற மற்ற சேர்மானங்களின் விளம்பரங்கள் மீதும் அதே ஆணையம் வெவ்வேறு ஆண்டுகளில் நடவடிக்கை எடுத்தது.

இவை உராய்வைக் குறைப்பதாகச் சொன்ன டப்பாக்கள். ப்ளஷ் வேறு வகை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். டப்பாவின் மேல் எழுதியிருப்பது விற்பவர் சொல்வது. இன்ஜினைச் செய்தவர் என்ன சொல்கிறார் என்பது கையேட்டில் இருக்கிறது.

கசடு எவ்வளவு பெரிய விவகாரம் ஆகலாம் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1997 முதல் 2002 வரை தயாரான சில டொயோட்டா, லெக்ஸஸ் கார்களில் ஆயில் களிபோல் இறுகி இன்ஜின் கெட்டுப்போவதாக அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. ஆயிலைச் சரியாக மாற்றாததே காரணம் என்றது நிறுவனம். சரியாகத்தான் மாற்றினோம் என்றார்கள் உரிமையாளர்கள் பலர். கடைசியில் 2002-ல், சுமார் 33 லட்சம் வண்டிகளுக்குக் கசடால் வந்த பழுதைத் தானே சரிசெய்து தருவதாக நிறுவனம் அறிவித்தது. அந்தச் சலுகையைப் பெற, ஆயில் மாற்றிவந்ததற்கு ஓரளவாவது ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது.

அதனால் ஆயில் மாற்றிய பில்லைக் குப்பையில் போடாதீர்கள். தேதி, கிலோமீட்டர், ஆயிலின் பெயர் எழுதிய பில்லை ஆர்.சி. புத்தகம் வைக்கும் உறையிலேயே வைத்திருங்கள். வாரன்டிக்கும் உதவும், வண்டியை விற்கும்போது விலைக்கும் உதவும்.

அப்படியானால் அந்தக் களிம்பை என்ன செய்வது?

வாழவந்திக் குடும்பத்துக்கு இருக்கும் வழிகள் இவை.

மூடிக்கு அடியில் தெரிவது பழுப்பு நிறத்தில் மெல்லிய படிவம்தான் என்றால், கையேடு சொல்லும் தரத்தில் நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போடுங்கள். 2,000 அல்லது 2,500 கிலோமீட்டரிலேயே, அதாவது மலையில் ஐந்தாறு மாதத்துக்குள், மறுபடி மாற்றுங்கள். இன்னொரு தடவையும் அப்படியே செய்யுங்கள. புது ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் கசடைப் பொருக்காகப் பெயர்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஃபில்டரில் சேர்க்கும். நாள் பிடிக்கும், ஆனால் இன்ஜினுக்கு நல்லது.

விரலால் வழித்து எடுக்கும் அளவுக்குக் கசடு இருந்தால், எந்த டப்பாவும் வேண்டாம். கீழே இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றி, சல்லடையை வெளியே எடுத்து, கையால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கூலி அதிகம்தான். இன்ஜின் சீஸ் ஆனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

மூடியில் வெள்ளையும் மஞ்சளுமாக நுரை போல் இருந்தால் பயப்படும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் அளவும் குறையவில்லை என்றால், அது குறைந்த தூரப் பயணத்தால் படிந்த ஈரம். ஒரு நீண்ட பயணமும் ஆயில் மாற்றமும் போதும். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் காபியில் பால் கலந்தது மாதிரி இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் என்பது வேறு சமாச்சாரம். பாலிஈதர்அமின் என்ற டிடர்ஜென்ட் உள்ள கிளீனர்கள் இன்ஜெக்டரில் படியும் கரியைக் கரைக்கக்கூடியவை. கையேடு தடுக்கவில்லை என்றால், இழுவை குறைந்த பழைய வண்டிக்கு எப்போதாவது ஒருமுறை ஊற்றலாம். அதையும் ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன் ஊற்றுவதே சரி. எரியாத மிச்சம் ஆயிலுக்குள் இறங்கும் என்பதால், அந்த டேங்க் தீர்ந்ததும் ஆயிலை மாற்றிவிட வேண்டும். ஆயிலில் இருக்கும் கசடை இது தொடாது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில், புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று சைலன்சர் பாதையில் இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க, வண்டி அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலுத்தும். குறைந்த தூரத்தில் வண்டியை நிறுத்தினால் அந்த வேலை பாதியில் நின்று, டீசலில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். அது ஆயில் இல்லை, டீசல். உடனே மாற்ற வேண்டும். இந்த வண்டிகளுக்கென்றே தனித் தரத்தில் ஆயில் உண்டு, அதைத்தான் ஊற்ற வேண்டும்.

மலையில் சமதளம் தேடுங்கள்

ஆயில் அளவை மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். வண்டி சமதளத்தில் நின்றால்தான் டிப்ஸ்டிக் உண்மை சொல்லும். சரிவில் நிறுத்திப் பார்த்தால் குறைவாகவோ கூடுதலாகவோ காட்டும். மலையில் வீட்டு வாசலே சரிவாக இருக்கும். அதனால் காபி உலர்த்தும் களமோ, பெட்ரோல் பங்க்கோ, சமமான ஓரிடத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே பாருங்கள். இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுத்தால் ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டினாலும் தவறுதான்.

கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மட்டும் சிவப்பு ஆயில் விளக்கு ஒரு நொடி மின்னி மறைகிறதா? ஆயில் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி சாயும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, சல்லடை காற்றை உறிஞ்சுகிறது. அன்றே பாருங்கள்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், “அடுத்த வளைவுவரை போயிடலாம்” என்ற பேச்சே வேண்டாம். முதலில் வண்டியைப் பாதுகாப்பாக ஓரம்கட்டி நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஓரம்கட்டும் முன் இன்ஜினை அணைக்கக் கூடாது. இறக்கத்தில் ஓடும் வண்டியில் இன்ஜின் நின்றால், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லாகக் கனக்கும். நின்ற பிறகு உடனே அணையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

எந்த ஆயில்?

பாட்டிலில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று எண்கள் இருக்கும். முன்னால் இருக்கும் எண் குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்லும். “மலைக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது” என்று யாராவது சொன்னால், கையேடு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். இன்றைய இன்ஜின்களின் ஆயில் வழிகள் மெல்லியவை. அனுமதிக்காத கெட்டி ஆயில், காலைக் குளிரில் மேலே ஏறத் தாமதமாகும். ஏ.பி.ஐ. முத்திரையில் பெட்ரோல் இன்ஜினுக்கு எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் தரக்குறி இருக்கும். இரண்டாவது எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப்போக ஆயில் புதிய தரம். 2020 மே மாதம் வந்தது எஸ்.பி. தரம்.

போலி ஆயில் உண்டு என்பதால், தெரிந்த கடையில், சீல் உடையாத பாட்டிலாக, பில்லோடு வாங்குங்கள். ஊற்றி முடித்ததும் காலி பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். வேறு யாரும் அதில் போலியை நிரப்ப முடியாது.

பழைய ஆயில் ஓடைக்குப் போகக் கூடாது

வடித்த ஆயிலை வேலிக் கம்புக்குப் பூசுவதும், கரையான் புற்றில் ஊற்றுவதும் மலையில் சாதாரணமாக நடக்கிறது. பயன்படுத்திய ஆயிலில் உலோகத் துகள்களும், எரிந்ததில் உண்டான நச்சுப் பொருட்களும் இருக்கின்றன. 2016-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அதை அபாயகரமான கழிவுகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர்ப் பக்கம் ஓடும் சரபங்காவும் இந்தச் சேர்வராயன் மலையில் பிறப்பவைதான். இங்கே மண்ணில் ஊற்றுவது கீழே யாருடைய கிணற்றிலோ போய்ச் சேரும். வீட்டில் ஆயில் மாற்றினால், பழையதைக் கேனில் அடைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைத்துவிடுங்கள்.

இரண்டு மாதங்கள் போதும்

இத்தனை எண்களையும் நினைவில் வைத்திருப்பது கடினம் என்றால், ஒரு சுலப வழி இருக்கிறது. ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் சரியாக ஆறு மாதம். கோடை விழா நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து களைத்த இன்ஜினுக்கு ஆடியில் புது ஆயில். மழையும் மார்கழிப் பனியும் கடந்த இன்ஜினுக்குத் தையில் புது ஆயில். நடுவில் 5,000 கிலோமீட்டர் வந்துவிட்டால் மட்டும், மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

சின்ன பெட்ரோல் காருக்கு ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். வருடத்துக்கு இரண்டு முறை என்றால் பட்ஜெட்டில் உதைக்கும்தான். இன்ஜினைத் திறந்தால் பல பத்தாயிரங்கள். ப்ளஷ் டப்பாவுக்கு வைத்திருந்த பணத்தை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. சமவெளியில் கார் நின்றால் ஆட்டோ கிடைக்கும், பேருந்து கிடைக்கும். மலையில் இரவு பதினொரு மணிக்குப் பாட்டிக்கு மூச்சுத் திணறினால், 108-ஐ அழைத்துவிட்டுக் காத்திருக்கும்போது, வாசலில் நிற்கும் அந்தப் பழைய கார்தான் வீட்டுக்குத் தைரியம். பனியில், வளைவு வளைவாக இறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வாசல் போய்ச் சேரும்வரை அது நிற்காமல் ஓட வேண்டும்.

வாழவந்திக்காரர் இந்த முறை மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்? “தம்பி, ப்ளஷ் வேண்டாம். தொட்டியைக் கழற்றிச் சல்லடையைச் சுத்தம் பண்ணு. புது ஆயில், புது ஃபில்டர் போடு. பில்லுல தேதி எழுது.” அப்புறம் வீட்டுக்கு வந்து, காலண்டரில் ஆடி முதல் தேதிக்கு ஒரு வட்டம், தை முதல் தேதிக்கு ஒரு வட்டம். வீட்டம்மா மறக்காமல் நினைவுபடுத்துவார்!

*அடுத்த வாரம்: மலையிறக்கத்தில் பிரேக் சூடாகாமல் இறங்குவது எப்படி?*